மக்கு என்று சொன்னது யார்?

– இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் துறை

மலருக்குக் கட்டுரை கேட்டபோது காதலைப் பற்றி எழுது, சினிமாவைப் பற்றி எழுது என்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். நமக்கு நன்றாகத் தெரிந்தது அரியர்தான். அதைப் பற்றியே எழுதுகிறேன். ஆனால் என் அரியர் அல்ல, என் பெஞ்சுக்காரனுடையது.

பெயர் சொல்ல மாட்டேன். வொர்க்‌ஷாப்பில் பார்த்தவர்களுக்குத் தெரியும். லேத்தில் அவன் டேப்பர் போட்டால் சார் இரண்டாவது தடவை அளந்து பார்ப்பதில்லை. வெர்னியரில் நாம் கண்ணைச் சுருக்கிக் கோட்டைத் தேடுகிற நேரத்தில் அவன் அளவைச் சொல்லி முடித்திருப்பான். அதே ஆளுக்கு 5 பேப்பர் அரியர்! தியரிப் பரீட்சை என்றால் பேனாவைப் பிடித்தபடியே உட்கார்ந்திருப்பான். போர்டில் இருப்பதைப் பார்த்து எழுதினாலும் எழுத்து இடம் மாறிவிடும். "படிக்க உடம்பு வணங்கலை" என்று வீட்டில் பேச்சு. சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் வைத்த பெயர் மக்கு. அதை அவனே நம்பிவிட்டான் என்பதுதான் கொடுமை.

போன வருஷம் மாடல் தேர்வுக்கு முதல் நாள் ராத்திரி, ஹாஸ்டலில், "மாப்ளே, நீ கேள்வியை வாசி, நான் பதில் சொல்றேன்" என்றான். தெர்மல் பேப்பர். நான் வாசிக்க வாசிக்க அவன் சொன்னான். ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் எப்படி ஓடுகிறது என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினான். மார்க் போட்டிருந்தால் 70-க்குக் குறையாது. மறுநாள் எழுதி வாங்கியது 19. கோளாறு அறிவில் இல்லை, படித்து எழுதுகிற பாதையில் எங்கேயோ இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

எங்கள் தெருவில் ஒரு அக்கா, வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர். லீவுக்குப் போனபோது கேட்டேன். "டிஸ்லெக்சியாவா இருக்கலாம் தம்பி. சோதிக்காம சொல்லக்கூடாது. ஆனா உதவி பண்றதுக்குப் பேர் வைக்கிற வரைக்கும் காத்திருக்கணும்னு இல்லை" என்றார். பிறகு அவர் சொன்னதுதான் இந்தக் கட்டுரையின் சங்கதி.

உதவியைப் படிப்படியாகத் தரவேண்டுமாம். முதல் படி வகுப்பு முழுவதற்கும்: ஒழுங்காகக் கற்பிப்பது, வருஷத்தில் இரண்டு மூன்று தடவை எல்லாப் பிள்ளைகளையும் வாசிக்கவைத்துப் பார்ப்பது. அதில் பின்தங்குகிற ஐந்தாறு பேரைச் சேர்த்து உட்காரவைத்து, வாரத்தில் சில நாள் அரைமணி நேரம் வேறு முறையில் சொல்லித்தருவது இரண்டாம் படி. ஒலியைச் சொல்லிக்கொண்டே மணலில் விரலால் எழுத்தை எழுதவைப்பார்கள். சொல்லைத் துண்டாக்கி மறுபடி கூட்டவைப்பார்கள். வாராவாரம் எவ்வளவு தேறியது என்று குறித்துக்கொண்டே வரவேண்டும். தேறிவிட்டால் பிள்ளை பழையபடி வகுப்போடு. அப்படியும் ஏறவில்லை என்றால் மூன்றாம் படி: தினமும், தனியாக, பயிற்சி பெற்ற ஆசிரியரிடம். நம் பாஷையில் சொன்னால் பிரிவென்டிவ் மெயின்டனன்ஸ். மெஷின் நின்ற பிறகு ஸ்பானரைத் தேடுவதல்ல.

அமெரிக்காவில் முன்பெல்லாம் பிள்ளையின் அறிவுத்திறனுக்கும் மார்க்குக்கும் பெரிய இடைவெளி விழுந்தால்தான் கற்றல் குறைபாடு என்று ஒப்புக்கொள்வார்கள். இடைவெளி விழும்வரை பிள்ளை தோற்றுக்கொண்டே இருக்கவேண்டும்! 2004-ல் சட்டத்தைத் திருத்தி, அந்த இடைவெளியைக் கட்டாயமாக்கக்கூடாது, உதவி கொடுத்து முன்னேற்றத்தைப் பார்க்கும் முறையையும் அனுமதிக்கவேண்டும் என்றார்கள். ஆனால் 'இன்னும் இரண்டாம் படியிலேயே இருக்கட்டும்' என்று நிபுணர் சோதனையைத் தள்ளிப்போடவும் வழி வந்துவிட்டது. அப்படித் தள்ளக்கூடாது என்று 2011-ல் கல்வித்துறையே கடிதம் எழுதவேண்டியதாயிற்று.

நம் நாட்டில்? 1995-ம் வருஷச் சட்டத்தில் கற்றல் குறைபாடு பட்டியலிலேயே இல்லை. 2016 சட்டத்தில்தான் சேர்ந்தது; சீக்கிரமே கண்டுபிடித்து அதற்கேற்பக் கற்பிக்கவேண்டும் என்று 16-ம் பிரிவு சொல்கிறது. தமிழ்நாட்டில் சான்றிதழ் காட்டினால் பொதுத்தேர்வில் ஒரு மணி நேரம் கூடுதல், எழுத ஆள், ஒரு மொழிப்பாட விலக்கு என்று சலுகைகள் உண்டு. நல்லதுதான். ஆனால் அது மூன்று படியும் தாண்டிய பிறகு பரீட்சை ஹால் வாசலில் கிடைப்பது. சான்றிதழ் என்று ஒன்று இருப்பது என் நண்பன் வீட்டில் யாருக்குத் தெரியும்? அவன் அப்பா செங்கல் சூளையில் வேலை பார்ப்பவர்.

அரசுப் பள்ளிகளில் 2022-ல் 'எண்ணும் எழுத்தும்' வந்தபோது அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரித்துக் கற்பித்தார்கள். கொரோனாவில் விட்டதை ஈடுகட்ட வந்த திட்டம் அது, கற்றல் குறைபாட்டுக்கென்று வந்ததல்ல. ஆனாலும் ஒரே வகுப்பில் மூன்று விதமாகக் கற்பிக்க முடியும் என்பது அதில் தெரிந்தது. அரும்பிலேயே நிற்கிற பிள்ளை ஏன் நிற்கிறது என்று அடுத்துப் பார்க்க ஆள் வேண்டும். அக்கா ஒருவரே பல பள்ளிகளுக்குப் பஸ் ஏறி இறங்குகிறார்.

'பிரித்து உட்காரவைத்தால் அதுவும் மக்கு பெஞ்சாகத்தானே ஆகும்?' என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான பயம். தேறியவுடன் வெளியே வரும் வழி இல்லாவிட்டால் அப்படித்தான் ஆகும். அதற்காகவே அந்த வாராந்திரக் குறிப்பை நான் வலியுறுத்துகிறேன். 2007-ல் வந்த 'தாரே ஜமீன் பர்' பார்த்து அழாதவர் இல்லை. ஆனால் ஒரு அமீர்கான் வாத்தியார் வந்தால்தான் பிள்ளை பிழைக்கும் என்றால் அது லாட்டரிச் சீட்டு. எனக்கு வேண்டியது டைம்டேபிளில் ஒரு பீரியட்.

பள்ளியில் கிடைக்காததை 19 வயதில் தரமுடியுமா? முழுசாக முடியாது. கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வருகிறவர்கள் அரியர் இருந்தால் உள்ளேயே விடுவதில்லை. அவன் கை வேலையைப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. இப்போது புதன்கிழமை சாயங்காலம் டிராயிங் ஹால் மூலையில் நாங்கள் நான்கு பேர் உட்காருகிறோம். ஒருவன் பழைய கேள்வித்தாளை வாசிப்பான், மற்றவர்கள் வாயால் சொல்லிவிட்டு அப்புறம் சின்னச் சின்ன வாக்கியமாக எழுதுவோம். அக்டோபரில் அவன் 2 பேப்பர் தேறினான். அக்கா சொன்னபடி சோதனைக்கும் அழைத்துப் போகப் போகிறேன். சான்றிதழ் கிடைத்தால் மீதி 3-க்கும் கூடுதல் நேரம் கேட்டு விண்ணப்பம் போடுவோம்.

முதலாம் ஆண்டுத் தம்பிகள் இரண்டு பேர் போன வாரம் கதவோரம் வந்து நின்றுவிட்டுப் போய்விட்டார்கள். உள்ளே வரலாம் தம்பி. வாசிக்கத்தான் இன்னும் ஆள் வேண்டும். சீனியர்கள் யாராவது வந்தால் நல்லது.