‘எங்களை நம்புங்க’னு சொல்ற ஆப்பை நம்பலாமா? பிரைவசிக்குத் தேவை வாக்குறுதி இல்லை, சரிபார்ப்பு!

போன் டிஸ்ப்ளே உடைஞ்சு சர்வீஸ் கடைக்குப் போயிருக்கீங்களா? ரசீது எழுதுறவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்பார்: “லாக் என்ன சார்?” நாமும் சொல்லிடுவோம். அதை ஒரு துண்டுத் தாளில் எழுதி, போனின் முதுகில் டேப் போட்டு ஒட்டிடுவார். வங்கி ஆப், ஆபீஸ் மெயில், அம்மாவோட ஸ்கேன் ரிப்போர்ட், தோழி ராத்திரி ரெண்டு மணிக்கு அழுதுக்கிட்டே அனுப்பின வாய்ஸ் மெசேஜ்... எல்லாமே அந்த நாலு இலக்கத்துக்குப் பின்னாடிதான் இருக்கு. சாயங்காலம் வரைக்கும் போன் அங்கே மேசை மேல கிடக்கும்.

கடைக்காரர் நல்லவராகவே இருக்கலாம். ஆனா, நம்ம பாதுகாப்பு மொத்தமும் அவர் நல்லவரா இருப்பதை மட்டுமே நம்பி நிக்குது. நம்முடைய டிஜிட்டல் வாழ்க்கையும் இப்படித்தான் ஓடுகிறது. ‘உங்கள் பிரைவசி எங்களுக்கு முக்கியம்’ என்று ஒவ்வொரு ஆப்பும் சொல்கிறது. நாம் ‘ஒப்புக்கொள்கிறேன்’ பட்டனை அழுத்திவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறோம்.

என்னைக் கேட்டால், வாக்குறுதியால் பிரைவசியைக் காப்பாற்ற முடியாது. வெளியாள் பிரித்துப் பார்த்துச் சரிபார்க்கக்கூடிய சாஃப்ட்வேரும், தயாரித்த நிறுவனமே நினைத்தாலும் எளிதில் திறக்க முடியாத ஹார்டுவேரும்தான் நமக்குத் தேவை.

சட்டம் இருக்கே, அது போதாதா?

தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஆதார் திட்டத்தை எதிர்த்து, ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ்.புட்டசாமி தொடுத்த வழக்கில் வந்த தீர்ப்பு அது. 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. தரவைப் பாதுகாக்கத் தவறினால் ரூ.250 கோடி வரை அபராதம்.

நல்ல விஷயம்தான். ஆனால், அதே சட்டம் அரசு அறிவிக்கும் அமைப்புகளுக்கு விலக்கும் அளிக்கிறது. அதைவிட முக்கியமாக, அபராதம் என்பது தரவு கசிந்த பிறகு நடக்கிற விஷயம். பாஸ்வேர்டு போனால் மாத்திக்கலாம். கைரேகை போனால்?

ஓப்பன் சோர்ஸ் என்றால் என்ன லாபம்?

ஒரு ஆப் எப்படி வேலை செய்கிறது என்பதன் முழு நிரலையும் யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்றால், அது ஓப்பன் சோர்ஸ். சமையலறையைக் கண்ணாடிச் சுவருக்குள் வைத்திருக்கும் ஹோட்டல் மாதிரி. உங்களுக்குச் சமையல் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, தெரிந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

சிக்னல் ஆப் இதற்கு நல்ல உதாரணம். 2016-ல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாகாணத்தில் நடந்த ஒரு விசாரணைக்காக, பயனர் விவரம் கேட்டு சிக்னலுக்கு சட்டபூர்வ உத்தரவு வந்தது. அவர்களால் கொடுக்க முடிந்தது இரண்டே தகவல்கள்: அந்தக் கணக்கு எப்போது தொடங்கப்பட்டது, கடைசியாக எப்போது சர்வரில் இணைந்தது. கொடுக்கக் கூடாது என்று அவர்கள் அடம்பிடிக்கவில்லை. கொடுப்பதற்கு வேறு எதுவும் அவர்களிடம் இல்லை!

வாட்ஸ்அப்பும் அதே சிக்னல் புரோட்டோகாலைத்தான் 2016 முதல் பயன்படுத்துகிறது. அதனால் மெசேஜின் உள்ளடக்கம் பூட்டப்பட்டுத்தான் போகிறது. ஆனால், யாருடன், எப்போது, எவ்வளவு அடிக்கடி பேசுகிறீர்கள் என்பதை அந்தப் பூட்டு மறைப்பதில்லை. ஆப்பின் நிரலும் பொதுவெளியில் இல்லை. அங்கே மறுபடியும் ‘எங்களை நம்புங்க’தான்.

திறந்து வைத்தால் எல்லாம் சரியாகிடுமா?

ஆகாது. இணையத்தின் பெரும்பகுதி நம்பியிருந்த ஓப்பன் எஸ்எஸ்எல் என்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருளில் இருந்த ‘ஹார்ட்பிளீட்’ ஓட்டை, சுமார் இரண்டு வருடம் யார் கண்ணிலும் படாமல் இருந்து 2014-ல்தான் வெளியே தெரிந்தது.

2024 மார்ச்சில் நடந்தது இன்னும் திகில். லினக்ஸ் கணினிகளில் பரவலாக இருக்கும் ‘எக்ஸ்இசட்’ என்ற சிறிய கருவிக்குள் ஒருவர் பின்வாசல் வைத்துவிட்டார். அதற்காக இரண்டு வருடத்துக்கும் மேலாகப் பொறுமையாக உதவி செய்து, அந்தத் திட்டத்தின் நம்பிக்கையைச் சம்பாதித்திருந்தார். லாகின் ஆக வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் சந்தேகப்பட்டுத் தோண்டியதால், பெரிய அளவில் பரவும் முன்பே பிடிபட்டது.

இதிலிருந்து ஓப்பன் சோர்ஸ் மேலேயே நம்பிக்கை போய்விட்டது என்பவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. நிரல் மூடியிருந்தால் ஃப்ராய்ண்டால் சந்தேகப்பட்டிருக்க முடியும், தோண்டியிருக்க முடியாது.

சாஃப்ட்வேர் சரி... ஹார்டுவேர் எதுக்கு?

நாலு இலக்க பின் நம்பரில் மொத்தமே 10,000 வாய்ப்புகள்தான். ஒரு கணினிக்கு அது விளையாட்டு. இதைத் தடுக்கத்தான் ஐபோனில் ‘செக்யூர் என்க்ளேவ்’, பிக்சலில் ‘டைட்டன் எம்2’ போன்ற தனிப் பாதுகாப்புப் பகுதிகள் உள்ளன. போனின் சாவி அதற்குள் இருக்கும். தப்பாக முயற்சி செய்யச் செய்ய, காத்திருக்க வேண்டிய நேரத்தை அதுவே கூட்டிக்கொண்டே போகும்.

2016-ல் எஃப்.பி.ஐ., ஆப்பிளிடம் ஐபோன் 5சி ஒன்றைத் திறக்க உதவி கேட்டது நினைவிருக்கலாம். செக்யூர் என்க்ளேவ் இல்லாத மாடல் அது. முயற்சிகளுக்கான தடையை நீக்கும் விசேஷ சாஃப்ட்வேரை ஆப்பிளே எழுதித் தர வேண்டும் என்றுதான் கேட்டார்கள். ஆப்பிள் மறுத்தது, எஃப்.பி.ஐ. வேறொரு தரப்பின் உதவியோடு திறந்துகொண்டது. தயாரித்தவரே மாற்றக்கூடிய பூட்டு என்றால், அவர் மேல்தான் அழுத்தம் வரும் என்பது அப்போது புரிந்தது. 2018-ல் வந்த டைட்டன் எம் சிப்பில், உரிமையாளரின் பாஸ்கோடு இல்லாமல் அதன் ஃபர்ம்வேரை மாற்ற முடியாதபடி கூகுள் வடிவமைத்ததும் இதே காரணத்துக்காகத்தான்.

ஒரு வேடிக்கை பாருங்க. கூகுளின் கண்காணிப்பிலிருந்து விலக நினைப்பவர்கள் விரும்பும் ‘கிராஃபீன் ஓஎஸ்’ என்ற ஓப்பன் சோர்ஸ் ஆண்ட்ராய்டு, கூகுளின் பிக்சல் போனுக்காகவே வளர்ந்தது. காரணம், அந்த ஹார்டுவேர் பாதுகாப்புதான். அதை இன்ஸ்டால் பண்ணினால் சில வங்கி ஆப்கள் ஓட மறுக்கும் என்பதையும் சொல்லிடணும். எல்லாரும் அதற்கு மாற வேண்டிய அவசியமில்லை.

அப்போ நாம என்ன பண்ணலாம்?

* போனை சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் செட்டிங்ஸில் தேடுங்க. பல சாம்சங் மாடல்களில் ‘மெயின்டனன்ஸ் மோட்’, பிக்சலில் ‘ரிப்பேர் மோட்’ இருக்கிறது. ஆன் செய்தால், உங்கள் தரவைப் பார்க்காமலே போனைச் சோதிக்க முடியும். டிஸ்ப்ளே வேலை செய்யாத நிலையில் இதை ஆன் செய்ய முடியாது. அப்போது, முடிந்தால் கூடவே இருந்து சரிசெய்து வாங்குங்கள்.
* நாலு இலக்க பின்னை ஆறாக்குங்க. வாய்ப்புகள் 10 லட்சமாகிவிடும்.
* ஓடிபி-யை நம்பியிருப்பதைவிட, வசதி இருக்கும் இடங்களில் பாஸ்கீ வைங்க. போலி இணையதளத்தில் அது வேலையே செய்யாது. இதே அடிப்படையில் இயங்கும் யுஎஸ்பி செக்யூரிட்டி கீ-யை 85,000-க்கும் அதிகமான ஊழியர்களுக்குக் கட்டாயமாக்கிய பிறகு, பிஷிங்கில் ஒரு அலுவலகக் கணக்குகூடப் பறிபோகவில்லை என்று 2018-ல் கூகுள் சொன்னது.
* பாஸ்வேர்டுகளை நோட்ஸ் ஆப்பில் எழுதி வைக்காமல் பிட்வார்டன் போன்ற ஓப்பன் சோர்ஸ் மேனேஜரில் வைங்க.
* புது போன் வாங்கும்போது கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்பதோடு, செக்யூரிட்டி அப்டேட் எத்தனை வருஷம் வரும் என்றும் கேளுங்க.

இவை பெகாசஸ் போன்ற உளவு மென்பொருளை முழுசாகத் தடுத்துவிடாது. ஆனால், நம்மில் பெரும்பாலானோருக்கு ஆபத்து அங்கிருந்து வருவதில்லை. போலி லிங்க், தொலைந்த போன், தேவைக்கு மேல் தரவு சேர்க்கும் ஆப் என்று தினசரி வழியில்தான் வருகிறது.

“என்கிட்ட மறைக்க என்ன இருக்கு?” என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் போனில் இருப்பது உங்கள் விஷயம் மட்டும் இல்லை. அம்மாவின் ஸ்கேன் ரிப்போர்ட்டும், தோழியின் அழுகையும் அதில் இருக்கின்றன. அவர்களைக் கேட்காமல், அந்தத் துண்டுத் தாளில் நம்பரை எழுதிக் கொடுக்க நமக்கு என்ன உரிமை இருக்கு?