காலங் காட்டாத அடைமொழி

சொற்கள் குற்றமற்றவை என வாதிடுவோர் உளர். அகராதிக்குள் இருக்கும்வரை அஃது உண்மையாகலாம். அரசாங்கப் பதிவேட்டில் ஏறியதும் ஒரு சொல் மனிதரின் விதியை நிர்ணயிக்கத் தொடங்கிவிடுகிறது. 'இந்தியன்' என்னும் ஆங்கிலப் பெயரடை இதற்குத் தக்க சான்றாகும்.

ஆங்கிலத்தில் இச்சொல் மூன்று பொருள்களைத் தாங்கி நிற்கிறது. இந்தியாவுக்கு உரியது என்பது ஒன்று; இந்தியாவிலிருந்து வந்தது என்பது மற்றொன்று; இந்தியாவினது எனத் தவறாகக் கருதப்பட்டது என்பது மூன்றாவது. 1492இல் கொலம்பஸ் செய்த பிழையால் அமெரிக்கப் பழங்குடிகள் 'செவ்விந்தியர்' ஆயினர். சீனத்து மைக்கு 'இந்தியன் இங்க்' என்று பெயர். அடைமொழி சில வேளைகளில் பொருளின் இயல்பையன்றிப் பெயரிட்டவனின் அறியாமையையே காட்டும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

தமிழில் 'வந்த தமிழர்' என்றால் 'வந்த' என்னும் பெயரெச்சம் இறந்தகாலம் காட்டும். வருகை முடிந்துவிட்டது என்பது அதனாற் பெறப்படும். 'இந்தியத் தமிழர்' என்பதிலுள்ள அடைமொழியோ காலங் காட்டாது. ஐந்து தலைமுறை கடந்தும் அம்மக்கள் நேற்றுக் கரையிறங்கியவராகவே நிற்கின்றனர். இலக்கணத்தின் இவ்வெற்றிடத்திலேயே அரசியல் குடிபுகுந்தது.

மாத்தளை இதனை நன்கறியும். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நடந்து, தம்புள்ளையையும் நாலந்தையையும் கடந்து, கோப்பித் தோட்டங்களுக்கு வந்தோர்க்கு மாத்தளையே மலைநாட்டின் வாயிலாயிற்று. வழியில் மாண்டோர் எண்ணிலர். பின்னர்க் கோப்பி அழிந்தது. தேயிலையும் றப்பரும் கொக்கோவும் வேரூன்றின. அசாமிலிருந்து 1839இல் பேராதனைக்குத் தேயிலை விதை வந்தது. பிரேசிலின் றப்பர் 1876இல் வந்தது. இன்று மாத்தளை றப்பரைப் பிரேசில் றப்பர் என எவரும் அழைப்பதில்லை. தேயிலையோ 'சிலோன் தேயிலை' என உலகப் புகழ் பெற்றுவிட்டது. செடிக்குக் கிடைத்த பிரஜாவுரிமை கொழுந்து பறித்த கைக்குக் கிடைக்கவில்லை!

1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பு 'இலங்கைத் தமிழர்', 'இந்தியத் தமிழர்' எனத் தனித்தனி நிரல்களை வகுத்தது. 1947இல் இம்மக்களின் ஆதரவுடன் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு பாராளுமன்ற உறுப்பினரைப் பெற்றது. அடுத்த ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றோராக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் பங்கீடு 1974 வரை ஒத்திவைக்கப்பட்டது. 'இந்தியர்' எனக் கப்பலேற்றப்பட்டோர் நீலகிரியில் 'சிலோன்காரர்' எனப் பெயர் பெற்றனர். இரு கரைகளிலும் அந்நியராக்கும் அடைமொழிகளே அவர்களுக்கு வாய்த்தன.

அம்மக்களின் தலைவர்களே இச்சொல்லை விரும்பி ஏற்றனர் என்பர் சிலர். உண்மைதான், 1939இல் தோன்றிய காங்கிரஸின் பெயரில் அது இருந்தது. ஆயினும் 1950இல் அதனை நீக்கி, 'இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ்' என அவ்வமைப்பே தன்னைப் பெயர் மாற்றிக்கொண்டது. இச்சொல்லை நீக்கினால் தனித்துவம் அழிந்து எண்ணிக்கை சிதறும் என்பது மற்றொரு வாதம். தனித்துவம் வேண்டுவதே. அதனைச் சுட்டத்தான் 'மலையகத் தமிழர்' என்னும் பெயர் இருக்கிறது. கொழும்பிலும் வவுனியாவிலும் வாழ்வோர்க்கு அது பொருந்துமோ எனின், பொருந்தும். அப்பெயர் இருப்பிடத்தையன்று, ஓர் இனம் உருவான வரலாற்றைக் குறிக்கிறது.

2003ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியோர்க்குப் பிரஜாவுரிமை அளித்தது. அதன் தலைப்பிலும் 'இந்திய வம்சாவளி' ஒட்டிக்கொண்டது. 2023இல், மலையகத்தின் இருநூற்றாண்டை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மக்கள் மீண்டும் நடந்தனர். 2024ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பிலோ 'இந்தியத் தமிழர்', 'மலையகத் தமிழர்' என்னும் இரு பெயர்களும் ஒரு சாய்கோட்டின் இருபுறமும் நிறுத்தப்பட்டன. இது பாதி வெற்றியே. இரத்தோட்டையிலும் எல்கடுவையிலும் பிறக்கும் குழந்தை எந்நாட்டுக்கு உரியது என்பதில் ஐயமில்லை. சாய்கோட்டின் ஒருபுறத்தில் மட்டும் அவ்வையம் இன்னும் குடியிருக்கிறது. அப்புறத்தை அழிப்பதே அறிவுலகின் கடன். அதற்கான முதற்குரல் பல்கலைக்கழகங்களிலிருந்தே எழல் வேண்டும்.