மூளைக்குள் ஒரு முக்கொம்பு

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் முக்கொம்பு பஸ் ஏறும் இளைஞர்கள் பெரும்பாலும் காவிரியைப் பார்க்கப் போவதில்லை. போகட்டும். அடுத்த தடவை, பக்கத்தில் இருப்பவரிடம் ஐந்து நிமிஷம் பர்மிஷன் வாங்கிக்கொண்டு தண்ணீரையும் கொஞ்சம் பாருங்கள்.

ஒன்றாக வரும் காவிரி அங்கே இரண்டாகப் பிரிகிறது. வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி, நடுவில் ஸ்ரீரங்கம். கல்லணைப் பக்கம் மறுபடி நெருங்குவதற்குள் அரங்கனுக்கு மாலை போட்டாகிவிடுகிறது.

நம் மூளையின் அடியிலும் ஏறக்குறைய இதே மேப்தான். கழுத்து வழியாக ஏறும் ரத்தக் குழாய்கள் ஒரு வளையமாகச் சேர்ந்து கிளை பிரிகின்றன. 17-ம் நூற்றாண்டு டாக்டர் தாமஸ் வில்லிஸ் பெயரால் 'வில்லிஸ் வளையம்'. உடம்பு எடையில் மூளை 2 சதவிகிதம். இதயம் அனுப்பும் ரத்தத்தில் அதன் பங்கு சுமார் 15 சதவிகிதம். வேலை செய்கிறதோ இல்லையோ, சம்பளம் கரெக்ட்டாகப் போய்விடும். (உங்கள் ஆபீஸ் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல.)

ஆறு பிரியும் முனையில்தான் வெள்ளம் மோதும். குழாய் பிரியும் முனையிலும் அப்படியே, தினம் சுமார் ஒரு லட்சம் தடவை! ரத்தம் சுவரை இரண்டு விதமாகப் படுத்துகிறது. வெளியே தள்ளுவது பிரஷர். ஓடுகிற போக்கில் உரசி இழுப்பது இன்னொன்று. பிரஷர் நூறு ரூபாய் நோட்டு என்றால் உரசல் வெறும் சில்லறை. ஆனால் குழாயின் உள்தோல் எண்ணிப் பார்ப்பது அந்தச் சில்லறையைத்தான்! அளவாக உரசினால் சௌக்கியம். முனையில் உரசல் மிதமிஞ்சினால் சுவர் நைந்து உப்ப ஆரம்பிக்கிறது. அதுதான் அனியூரிசம்.

உப்பின பிறகு கதை தலைகீழ். பைக்குள் ரத்தம் மந்தமாகச் சுழல, உரசல் குறைந்துபோய், அதனாலேயே சுவர் புண்ணாகி மெலியக்கூடும். பை பெருக்கப் பெருக்க, அதே பிரஷருக்கே சுவர் இன்னும் விறைக்கிறது.

பயப்படாதீர்கள். நூறு பேரில் சுமார் மூன்று பேருக்கு இது உண்டு, பெரும்பாலானவை வெடிப்பதேயில்லை. வெடித்தால்தான் வம்பு. பரம்பரை, பெண்ணாகப் பிறப்பது, சிறுநீரகத்தில் கட்டி கட்டியாக நீர்ப்பை வருகிற வியாதி - இவை நம் கையில் இல்லை. பிரஷர் மாத்திரை நம் கையில் இருக்கிறது. சிகரெட், விரல் இடுக்கிலேயே இருக்கிறது.

பி.காமில் தேய்மானம் என்று ஒரு சமாசாரம் உண்டு. வருஷா வருஷம் கணக்கில் எழுதிவிட வேண்டும். எழுதாமல் விட்டால் என்ன ஆகும்? 1830-களில் ஆர்தர் காட்டன் கட்டின முக்கொம்பு மேலணையில், 2018 ஆகஸ்ட் 22 ராத்திரி கொள்ளிடம் பக்கம் ஒன்பது ஷட்டர்கள் போயின. தேய்ந்தது எத்தனையோ வருஷம், போனது ஒரு ராத்திரி.

ஆகவே ஸார், திடீரென்று இடி விழுந்த மாதிரி, ஜென்மத்தில் வராத தலைவலி வந்து, கூடவே வாந்தி, கழுத்து விறைப்பு, ஒரு பக்கம் இமை தொங்கல் என்று எது சேர்ந்தாலும், தைலம் தேடாதீர்கள், டீ சொல்லாதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு, ஸ்கேன் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். சீக்கிரம் போனால் கிளிப் போடவோ, கம்பிச்சுருள் வைத்து அடைக்கவோ வழி இருக்கிறது.

முக்கொம்பில் பக்கத்திலேயே புது அணை கட்டிவிட்டார்கள். மண்டைக்குள் அதற்கு இடமும் கிடையாது, டெண்டரும் கிடையாது.