ரட்டோன் கணவாய்த் தண்டவாளம் யார் பொறுப்பு?

கொலராடோவின் டிரினிடாட் ஊரைத் தாண்டியதும் சவுத்வெஸ்ட் சீஃப் ரயிலின் வேகம் தளர்கிறது. 100 அடிக்கு ஏறக்குறைய மூன்றரை அடி ஏற்றம். 7,500 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் ரட்டோன் கணவாயை நோக்கி வண்டி வளைந்து வளைந்து ஏறுகிறது. உச்சியில் ஒரு குகைப்பாதை. வெளியே வந்தால் நியூ மெக்ஸிகோ. அதன்பின் மஞ்சள் புல்வெளி, க்ளோரியட்டா கணவாய், பெட்டியின் இரு பக்கமும் பாறைச் சுவர் நெருங்கிவரும் அப்பாச்சி கேன்யன், சாண்டா ஃபே செல்வோர் இறங்கும் லேமி, மாலையில் கேலப் பக்கத்துச் செம்பாறைகள். சிகாகோவிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் வரை சுமார் 3,600 கி.மீ. ஓடும் இந்த வண்டியின் மிக அழகான பகுதி இதுதான். அறுந்துபோகும் நிலைக்கு வந்ததும் இதில் அடங்கிய ரட்டோன் கணவாய் வழிதான்.

காரணம் எளியது. வண்டி ஆம்ட்ராக் என்ற பயணி ரயில் நிறுவனத்துடையது. தண்டவாளம் பி.என்.எஸ்.எஃப். என்ற தனியார் நிறுவனத்துடையது. அந்த நிறுவனத்தின் சரக்கு வண்டிகள் தெற்கே, ஏற்றம் குறைந்த டெக்சஸ் வழியில் போகின்றன. கணவாய்ப் பாதையில் அதற்கு வேலை இல்லை. தனக்குப் பயன்படாத பாதையை மணிக்கு 79 மைல் வேகத்துக்கு ஏற்றபடி ஏன் பராமரிக்க வேண்டும் என்று அது கேட்டது. அதன் கணக்குப்படி நியாயமான கேள்வி. மாநிலங்களும் கைவிரித்திருக்கலாம், 750 மைலுக்கு மேற்பட்ட தொலைதூர வண்டிகளின் செலவை அவற்றின் தலையில் 2008-ஆம் ஆண்டுச் சட்டம் சுமத்தவில்லை.

அவை கைவிரிக்கவில்லை. 2014-இல் கன்சாஸின் கார்டன் சிட்டி, 2015-இல் கொலராடோவின் லா ஹண்டா என்று சிற்றூர்கள் முன்னின்று விண்ணப்பித்து, ஒவ்வொரு முறையும் ஒரு கோடி டாலருக்கு மேல் மத்திய மானியம் பெற்றன. கன்சாஸ், கொலராடோ, நியூ மெக்ஸிகோ ஆகிய மூன்று மாநிலங்களும், வழியிலுள்ள ஊர்களும், ஆம்ட்ராக்கும், பி.என்.எஸ்.எஃப்.பும் தங்கள் பங்கைச் சேர்த்தன. தேய்ந்த தண்டவாளங்கள் மாறின. லா ஹண்டாவிலோ டிரினிடாடிலோ ரட்டோனிலோ பத்தாயிரம் பேர்கூட இல்லை. அப்படிப்பட்ட ஊர்கள் தங்கள் சின்ன வரவு செலவிலிருந்து எடுத்துக் கொடுத்த பணத்தை நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஆனால் 2018-இல் ஆம்ட்ராக்கே பின்வாங்கியது. நியூ மெக்ஸிகோவின் கோல்ஃபாக்ஸ் கவுண்டி பெற்ற 1.6 கோடி டாலர் மானியத்துக்குத் தன் பங்காக வாக்களித்த 30 லட்சத்தை நிறுத்தி வைத்தது. டாட்ஜ் சிட்டிக்கும் ஆல்பகர்க்கிக்கும் இடையே பேருந்து விடலாம் என்றும் யோசித்தது. இரு கட்சி செனட்டர்களும் கைகோத்தார்கள். ரயிலைக் காக்கும் திருத்தம் 95-க்கு 4 என்ற வாக்கில் செனட்டில் நிறைவேறியது. அமெரிக்க அரசியலில் இன்று எதற்கு இப்படி 95 கைகள் உயர்கின்றன?

எங்கோ ஓடும் ரயிலுக்குத் தன் வரிப்பணம் ஏன் என்று நியூயார்க்கில் இருப்பவர் கேட்பார். கேட்கட்டும். அவர் ஒருநாளும் ஓட்டப்போகாத பாலைவன நெடுஞ்சாலைகளுக்கும் அவர் வரிதான் போகிறது. அவை லாபம் தர வேண்டும் என்று எவரும் கேட்பதில்லை. காரோட்ட முடியாத முதியவருக்கும், கோடையில் ரட்டோனில் இறங்கி ஃபில்மான்ட் முகாமுக்குப் போகும் சாரணச் சிறுவருக்கும் இந்த வண்டியும் அப்படி ஒரு பொதுவழிதான்.

இதுவரை நடந்ததெல்லாம் ஆபத்து வாசலுக்கு வந்தபின் நடந்தவை. பெருந்தொற்றின்போது 2020 அக்டோபரில் வாரம் மூன்று நாள் என்று சுருங்கிய சேவை, நாடாளுமன்றம் பணம் ஒதுக்கிய பிறகே அடுத்த ஆண்டு தினசரியானது. ஒவ்வொரு முறையும் மானிய விண்ணப்பம், கெஞ்சல், வாக்கெடுப்பு என்று ஒரு பாதையை எத்தனை காலம் காப்பது? மூன்று மாநிலங்களும் ஆண்டுதோறும் ஒரு நிலையான தொகையை ஒதுக்கட்டும். கொடுத்த வாக்கை ஆம்ட்ராக் எழுத்தில் உறுதி செய்யட்டும். பொதுப்பணத்தில் புதுப்பித்த தண்டவாளத்தைப் பயணி வண்டியின் வேகத்துக்குத் தகுந்த நிலையில் வைத்திருப்பதை பி.என்.எஸ்.எஃப். தன் கடமையாக ஏற்கட்டும்.

அமெரிக்காவில் வாழும் தமிழர்களான நமக்கும் இதில் பங்குண்டு. ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவுக்கு கிராண்ட் கேன்யன் காட்ட விமானமும் வாடகைக் காரும் தேடும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். அந்தப் பள்ளத்தாக்குக்குப் பக்கத்து ஊரான ஃப்ளாக்ஸ்டாஃபில் இந்த வண்டி தினமும் நிற்கிறது. மெதுவாகப் போகும், சரக்கு வண்டிக்கு வழிவிட்டுத் தாமதமாவதும் உண்டு. அவகாசம் இருக்கிறவர்கள் ஒருவழிப் பயணத்துக்காவது இதில் சீட்டு எடுக்க வேண்டும். இங்கே வாக்குரிமை பெற்றவர்கள், அடுத்த நிதி ஒதுக்கீடு வருவதற்குள் தங்கள் தொகுதி உறுப்பினருக்கு ரட்டோன் கணவாய்ப் பாதையைப் பற்றி ஒரு கடிதம் எழுத வேண்டும்.