மீனுக்கும் குளிரும்!



மார்கழி பிறந்ததும் பரணிலிருந்து போர்வைகள் இறங்கிவிடும். ஃபேன் ஒன்றாம் நம்பருக்கு வந்துவிடும். தாத்தா, பாட்டி குளிக்க வெந்நீர் விளாவி வைப்போம். கூடத்தில் இருக்கும் மீன் தொட்டியை மட்டும் யாரும் நினைப்பதில்லை. தண்ணீரிலேயே கிடக்கிற ஜீவனுக்குக் குளிராவது ஒன்றாவது என்று விட்டுவிடுகிறோம்.

உண்மையில் வீட்டிலேயே அதிகம் அவதிப்படுவது அதுதான். நம்மைப் போல மீனால் தன் உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ள முடியாது. தண்ணீர் எந்தச் சூட்டில் இருக்கிறதோ, ஏறக்குறைய அதேதான் அதன் உடம்புச் சூடும். கப்பி, மோலி, ஏஞ்சல், ஃபைட்டர் எல்லாம் வெப்பமான நாட்டு மீன்கள். 24 முதல் 28 டிகிரி இருந்தால்தான் அவற்றுக்குச் சுகம். மார்கழி இரவில் சென்னையே 21 டிகிரி அளவுக்கு இறங்குகிறது. ஓசூர், உதகை வீடுகளைப் பற்றிச் சொல்லவா வேண்டும்? கோல்டு ஃபிஷ் மட்டும் குளிர் தாங்கும். சமவெளியில் அதற்கு ஹீட்டர் வேண்டாம்.

குளிர் பிடித்த மீன் சத்தம் போடாது. துடுப்புகளை உடம்போடு ஒட்ட மடக்கிக்கொண்டு, தொட்டியின் அடியில் ஒரு மூலையில் அசையாமல் நிற்கும். போட்ட தீனி மேலேயே மிதக்கும். இரண்டொரு நாளில் உப்புத்தூள் தூவியது போல உடம்பெங்கும் வெள்ளைப் புள்ளிகள் தெரியலாம். குளிரில் எதிர்ப்புச் சக்தி குறையும் நேரம் பார்த்து ஒட்டுண்ணி தொற்றும் நோய் அது. நாமோ, “கடைக்காரர் சீக்கு மீனைத் தலையில் கட்டிவிட்டார்” என்று முடிவு கட்டிவிடுகிறோம். பாவம், அவர் என்ன செய்வார்?

குளிரைவிட மோசமானது ஏற்ற இறக்கம். பகலில் 27, விடியற்காலையில் 21 என்று தினமும் மாறினால் இந்த வெப்ப நாட்டு மீன்கள் தளர்ந்துபோகும். சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஃபைட்டரை வளர்ப்பதை நான் ஆதரிக்காததும் இதனால்தான். கொஞ்சம் தண்ணீர் சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் ஆறியும்போகும்.

சென்னையில் கொளத்தூர் பக்கம் போய்த் தொட்டி வாங்கும்போது கலர் கற்கள், பிளாஸ்டிக் செடி, குமிழி விடும் பொம்மை என்று பிள்ளைகள் கேட்பதையெல்லாம் வாங்கித் தருகிறோம். ஹீட்டர் என்றதும் “கரண்ட் பில் எகிறுமே” என்று தயங்குகிறோம். எகிறாது. லிட்டருக்கு ஒரு வாட் என்பது பொதுக் கணக்கு. 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டி சுமார் 55 லிட்டர் பிடிக்கும். அதற்கு 50 வாட் போதும். மலை ஊர்களில் கூடுதலாக வேண்டும். 50 வாட் ஹீட்டர் விடாமல் 20 மணி நேரம் எரிந்தால்தான் ஒரு யூனிட். தெர்மோஸ்டாட் உள்ளது என்றால் வேண்டிய சூடு வந்ததும் தானே அணைந்துவிடும். ஒரு பொம்மையைக் குறைத்துக்கொண்டு இதை வாங்கலாம், இல்லையா?

மொட்டை மாடி டேங்க் தண்ணீரை விடியற்காலையில் அப்படியே பிடித்துத் தொட்டியில் ஊற்றாதீர்கள். முதல் நாளே வாளியில் பிடித்து வீட்டுக்குள் வையுங்கள். மறுநாள் கொஞ்சம் வெந்நீர் விளாவி, தொட்டியின் சூட்டுக்குக் கொண்டுவந்த பிறகு ஊற்றுங்கள். தீனியையும் குறையுங்கள். குளிரில் செரிமானம் மந்தமாகும்; மிஞ்சியது அழுகித் தண்ணீரைக் கெடுக்கும்.

கரண்ட் போய்விட்டதா? மேல்மூடியை மூடி, தொட்டியைச் சுற்றிக் கம்பளி போர்த்திவிடுங்கள், சூடு மெதுவாகத்தான் இறங்கும். பதற்றத்தில் கொதிநீரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள்.

ஒரு கண்டிப்பான வார்த்தை, குறிப்பாகப் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு. தொட்டிக்குள் கை விடும் முன் ஹீட்டர் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். தண்ணீரை வெளியேற்றுவதாக இருந்தால், பிடுங்கிய பிறகும் கால் மணி நேரம் பொறுங்கள். சூடான ஹீட்டர் தண்ணீருக்கு மேலே வந்தால் அதன் கண்ணாடி வெடித்துவிடக்கூடும்.

இன்றைக்கே ஹீட்டர் வாங்க ஓட வேண்டாம். முதலில் மீன் கடையில் ஒரு தெர்மோமீட்டர் வாங்கித் தொட்டியில் ஒட்டுங்கள். இரவு படுக்கும்போதும் காலையில் பால் காய்ச்சும்போதும் பார்த்துக் குறித்து வைக்கப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். காலைக் கணக்கு 24-க்குக் கீழே இருந்தால், ஹீட்டருக்குப் பணம் கேட்டு அவர்களே உங்கள் முன் வந்து நிற்பார்கள். மறுக்காமல் கொடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்