தேதி போடாத பாட்டுகள்

ராக் இசை ரசிகர்களிடம் ஒரு பழைய விளையாட்டு உண்டு. ஏதாவது ஓர் ஆண்டைச் சொல்லி, அந்த ஆண்டில் வந்த ஆல்பங்களில் உனக்குப் பிடித்தவை எவை என்று கேட்பார்கள். அதிகம் அடிபடும் ஆண்டு 1971. லெட் செப்பலினின் நான்காவது ஆல்பம், ரோலிங் ஸ்டோன்ஸின் 'ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்', ஜோனி மிட்செலின் 'புளூ', மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' எல்லாமே அந்தப் பன்னிரண்டு மாதங்களுக்குள் வெளிவந்தவை. டேவிட் ஹெப்வொர்த் என்ற பிரிட்டிஷ் எழுத்தாளர் 2016-இல் அந்த ஓர் ஆண்டுக்காகவே ஒரு புத்தகம் எழுதினார். நமக்கு அப்படியோர் ஆண்டு 1992. 'மன்னன்', 'சிங்காரவேலன்', 'அண்ணாமலை', 'ரோஜா', 'தேவர் மகன்' என்று அடுக்கினாலே போதும், டீக்கடை பெஞ்சில் சண்டை தொடங்கிவிடும். அந்த ஆண்டுக்கான தேசிய விருதுக் குழுவில், இசைக்கான விருதுக்கு 'ரோஜா'வும் இளையராஜாவின் 'தேவர் மக'னும் சமமாக நின்றன. குழுத் தலைவர் பாலு மகேந்திரா. தன் படங்களுக்கு இளையராஜாவிடமே இசை வாங்கிவந்த அவர், தன் வாக்கைப் புதிதாக வந்த ஏ.ஆர். ரஹ்மானுக்குப் போட்டார்.

இந்த விளையாட்டில் ஒரு நல்ல குணம் இருக்கிறது. 'ராஜாவா, ரஹ்மானா' என்று கேட்டால் ஆளுக்கொரு கட்சியாகப் பிரிந்து கொடி பிடிப்போம். '1992-இல் எது' என்று கேட்டால் பாட்டைக் கேட்டுத்தான் பதில் சொல்ல முடியும். ஆளின் புகழ் பின்னுக்குப் போய், ஒரே காலத்தில் ஒரே ஊர் மக்கள் கேட்ட இசை பக்கம் பக்கமாக வந்து நிற்கும். 'அண்ணாமலை'க்கு இசையமைத்த தேவாவும் அப்போது பந்தியில் உட்கார்ந்துவிடுகிறார். ஆனால் பட்டியலில் இடம்பிடிக்க ஒரு நுழைவுச்சீட்டு வேண்டும். உறை, கம்பெனி பெயர், வெளியான தேதி ஆகிய மூன்றும் இருக்கிற இசைதான் கணக்கில் வரும். இராயபுரம் முதல் திருவொற்றியூர், எண்ணூர் தாண்டிக் காட்டுப்பள்ளி வரை நீளும் கடலோரத்தில் பிறந்த பாட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்த மூன்றும் கிடையாது. எந்த ஆண்டின் பட்டியலிலும் வடசென்னை இல்லாமல் போவதற்கு ரசனைக் குறைவு காரணமில்லை. பாட்டுக்கு யாரும் தேதி போட்டு வைக்கவில்லை என்பதே காரணம்.

வடசென்னையின் கானாப் பாட்டு எப்படிப் பிறக்கிறது என்று பாருங்கள். சாவு வீட்டு வாசலில் ஷாமியானா, ட்யூப் லைட், பிளாஸ்டிக் நாற்காலிகள். விடிய விடிய உட்கார்ந்திருக்கும் சொந்தபந்தத்துக்கு நடுவில் ஒருவர் மைக் பிடிக்கிறார், பக்கத்தில் டோலக். செத்தவரின் பெயர், அவர் பார்த்த வேலை, விட்டுப்போன பிள்ளைகள் எல்லாம் பாட்டுக்குள் அங்கேயே வந்து சேர்கின்றன. மறுநாள் இன்னொரு தெருவில் அதே மெட்டுக்கு வேறு பெயர், வேறு வாழ்க்கை. எழுதியவர் யார் என்பது நாலு கை மாறியதும் மறைந்துவிடும். பிறகு சினிமா வருகிறது. 2006-இல் 'சித்திரம் பேசுதடி' கானா உலகநாதனையும், 2012-இல் 'அட்டகத்தி' கானா பாலாவையும் ஊருக்கெல்லாம் தெரிய வைத்தன. இருவரும் அதற்கு முன்பே பாடிக்கொண்டிருந்தவர்கள். ஆனால் நம் நினைவில் பதிந்த ஆண்டுகள் படம் வெளியான ஆண்டுகள் மட்டுமே.

2018-ஐ எடுத்து இதைச் சோதித்துப் பார்க்கலாம். அந்த ஜனவரியில் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' சென்னையில் முதல் மேடை ஏறியது. அயோத்திதாசப் பண்டிதர் சிந்தனையிலிருந்து பெயரை எடுத்துக்கொண்ட அந்தக் குழுவில் கானாவும் ராக்கும் ராப்பும் ஒன்றாக ஒலித்தன. இராயபுரத்தில் வளர்ந்த இசைவாணி அதில் பாடினார். 2020-இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். அதே 2018 அக்டோபரில் சந்தோஷ் நாராயணன் இசையில் 'வடசென்னை' வந்தது. அதே ஆண்டில்தான் காட்டுப்பள்ளித் துறைமுகம் எல் அண்ட் டி-யிடமிருந்து அதானி குழுமத்துக்குக் கைமாறியது. துறைமுக விற்பனை ஆவணங்களில் தேதியோடு பதிவாகியிருக்கிறது. குழுவும் படமும் பட்டியலில் ஏறிவிட்டன. அந்த ஆண்டு எண்ணூர்க் குப்பங்களின் துக்க வீடுகளில் என்ன பாடினார்கள் என்று கேட்டால் எடுத்துக்காட்ட ஒரு தாள் கிடையாது. முன்பு கப்பல் கட்டும் தளத்துக்காகக் காட்டுப்பள்ளி மீனவக் குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. ஊர் இடம் மாறும்போது அதன் பாட்டுகளும் கலைந்துபோகும்.

வாய்மொழிப் பாட்டு ஓடுகிற தண்ணீர், அதைப் பாட்டிலில் அடைத்தால் செத்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். அவர்களுக்குத் திருவொற்றியூரே பதில். தியாகராஜ சுவாமிகள் அங்கே வந்தபோது திரிபுரசுந்தரி மீது பாடிய ஐந்து கீர்த்தனைகள் இன்றும் 'திருவொற்றியூர் பஞ்சரத்தினம்' என்றே பாடப்படுகின்றன. ஊர் பெயரோடு ஐந்து பாட்டைக் கட்டி வைத்தால் அதுவும் ஓர் ஆல்பம்தானே! அவரும் ரெக்கார்டு போடவில்லை, வெளியீட்டுத் தேதியும் இல்லை. வீணை குப்பையர் போன்ற சீடர்கள் பாடம் செய்து வைத்தார்கள், வாலாஜாபேட்டைச் சீடர்கள் சுவடியில் எழுதினார்கள், அடுத்த தலைமுறை அச்சேற்றியது. எழுதி வைத்ததால் கீர்த்தனை உறைந்து போகவில்லை. பாடுகிறவர்கள் இன்றும் அதில் புதிய சங்கதி போடுகிறார்கள். கானாவுக்கு இல்லாமல் போனது பாட்டின் தரமல்ல, எழுதி வைக்கிற சீடர் கூட்டம். அந்தக் கூட்டம் யாருக்கு அமைந்தது, யாருக்கு அமையவில்லை என்பதில் சாதிக்கும் பங்கு உண்டு.

கானாவில் ஆபாசம் இருக்கிறது, பெண்களை இழிவுபடுத்தும் வரிகள் இருக்கின்றன என்பது இன்னொரு ஆட்சேபம். இருக்கின்றன. 1971-இன் ராக் ஆல்பங்களிலும் இருக்கின்றன. அதற்காக அவற்றை யாரும் பட்டியலிலிருந்து நீக்கவில்லை, கேட்டு விமர்சிக்கிறார்கள். பதிவில் இல்லாத பாட்டை விமர்சிக்கவும் முடியாது. துக்க வீட்டில் போனைத் தூக்கிப் படம் எடுப்பது அநாகரிகம் என்ற மூன்றாவது ஆட்சேபம்தான் கனமானது. அதை மதிக்க வேண்டும். வீட்டாரின் சம்மதம் இல்லாமல் பதிவு கூடாது. பாடகரை வேறொரு நாள் உட்கார வைத்துப் பாடச் சொல்லிப் பதிவு செய்தாலும் போதும்.

பதிவு செய்யும் கருவி இன்று எல்லார் கையிலும் இருக்கிறது. குறைவது நாலு வரி விவரம்தான். பாடியவர் யார், கட்டியவர் யார், எந்தத் தெரு, எந்தத் தேதி என்பதைப் பாட்டோடு சேர்த்து எழுதுங்கள். பழைய கேசட் வைத்திருப்பவர்கள் அதன் மேல் ஞாபகம் உள்ள ஆண்டையாவது குறித்து வையுங்கள். கிராமபோன் தட்டுகளையும் பாட்டுப் புத்தகங்களையும் சேர்த்துக் காக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இதே சென்னையில்தான் இருக்கிறது. கானாவுக்கும் அப்படியொரு அலமாரி வேண்டும். 1992-இல் எது சிறந்தது என்று நாம் சண்டை போடுவதைப் போல, 2018-இல் எண்ணூரில் எது சிறந்தது என்று இருபது வருடம் கழித்து யாராவது சண்டை போட வேண்டுமானால், தேதி போடும் வேலையை நாம்தான் தொடங்க வேண்டும்.