வந்தவங்கள்லாம் போயாச்சு, அந்தப் பையன் எங்கே?

ரொம்ப நாள் கழிச்சு ஒரு பதிவு. கொஞ்சம் காட்டமாவே இருக்கும், முன்கூட்டியே சொல்லிடறேன்.

போன வாரம், முன்னாடி கூட வேலை பார்த்த நண்பர் ஒருத்தர் போன் பண்ணினார். "அக்டோபர் பத்து உலக மனநல நாள் வருது பாஸ். கம்பெனி சார்பா ஒரு கவர்மெண்ட் ஸ்கூலுக்குப் போறோம். நானூறு பசங்க. ஸ்ட்ரெஸ் பத்தி நீங்க ஒரு மணி நேரம் பேசுங்க. அப்புறம் ஒரு கவுன்சிலர் மேடம் தேவைப்படற பசங்களைத் தனியாப் பார்ப்பாங்க. சாப்பாடு, டி-சர்ட் எல்லாம் ரெடி"ன்னார்.

"மறுபடி எப்ப போவீங்க?"ன்னு கேட்டேன்.

"அடுத்த வருஷம் வேற ஸ்கூல் பாஸ். எல்லா ஸ்கூலையும் பார்க்கணும்ல?"

வரலைன்னுட்டேன். மனுஷனுக்குக் கோபம். "உங்களுக்கெல்லாம் கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்து எழுதத்தான் தெரியும்"னு சொல்லிட்டு வெச்சுட்டார். அதுல பாதி உண்மைங்கறதால சுருக்குன்னு இருந்தது. மீதிப் பாதிக்குத்தான் இந்தப் பதிவு.

2019ல நானும் இப்படி ஒரு குழுவோட போனவன்தான். எந்த ஊர், எந்தப் பள்ளிங்கறது வேண்டாம். அரசு மேல்நிலைப் பள்ளி, சாமியானா பந்தல், பேனர், எச்.எம்.முக்குப் பொன்னாடை. பேசி முடிச்சதும் பசங்க கையில ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுத்தோம். மனசுல என்ன இருந்தாலும் எழுதுங்க, பேர் போட விருப்பம்னா போடுங்க, போடாட்டியும் பரவாயில்லைன்னு. திரும்பி வரும்போது வேன்ல உட்கார்ந்து பிரிச்சுப் படிச்சோம். கணக்கு வாத்தியார் அடிக்கிறார், தூக்கம் வரலை, அப்பா குடிக்கிறார், நீங்க நல்லாப் பேசுனீங்க அண்ணா... இப்படி நிறைய. ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருத்தன் பேர், செக்‌ஷனோட எழுதியிருந்தது ஒரே ஒரு வரிதான்.

"நான் போன தடவை வந்தவங்ககிட்டயே சொல்லிட்டேன்."

மறுநாள் எச்.எம்.முக்குப் போன் அடிச்சோம். பாவம், நல்ல மனுஷர். அந்தப் பருவத்துல மட்டும் யார் யார் வந்தாங்கன்னு விரல்விட்டு எண்ணினார். ஒரு தனியார் ஆஸ்பத்திரி, ஒரு சமூக சேவை சங்கம், பக்கத்து காலேஜ்ல இருந்து எம்.எஸ்.டபிள்யூ. படிக்கிற பிள்ளைங்க, அப்புறம் நாங்க. ஆஸ்பத்திரிக்காரங்க அந்தப் பையன்கிட்ட மூச்சுப் பயிற்சி செய்யச் சொல்லியிருக்காங்க. காலேஜ் பிள்ளைங்க நல்ல எண்ணத்துலதான் அவன் அம்மாவை வரவழைச்சுப் பேசியிருக்காங்க. அதுவும் க்ளாஸ் டீச்சரைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு. விஷயம் வீட்டுக்குப் போய், அப்பனுக்குத் தெரிஞ்சு, அன்னைக்கு ராத்திரி பையனுக்கு அடி. யார் சொன்னதையும் யாரும் எங்கேயும் எழுதி வைக்கலை. எங்களுக்கு முன்னாடி மூணு குழு வந்து போனதே எங்களுக்குத் தெரியாது. நாலாவதா நாங்க போய்ச் சீட்டு கொடுக்கிறோம், மனசுவிட்டுப் பேசுங்க தம்பிகளான்னு!

ரெண்டு வாரம் கழிச்சுக் கேட்டப்போ பையன் பள்ளிக்கு வர்றதில்லைன்னாங்க. அதுக்கப்புறம் நானும் கேட்கலை. யார் மேலயாவது கல்லெறியணும்னா முதல் கல் என் மேலதான் விழணும்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். நம்ம ஊர்ல இந்தப் பேச்சு எப்ப வந்தாலும் "ஆளே இல்லைங்க, கவுன்சிலரே இல்லை"ன்னுதான் ஆரம்பிப்பாங்க. ஆள் பத்தாதுங்கறது நிஜம். ஆனா இருக்கிற ஆட்களையே கோக்க ஒரு நூல் இல்லைங்கறதை யாரும் பேசறதில்லை. கொஞ்சம் எண்ணிப் பாருங்க. மாவட்ட மனநலத் திட்டம் 1996ல நாட்டுலயே நாலு மாவட்டத்துல ஆரம்பிச்சது, அதுல ஒண்ணு நம்ம திருச்சி. பள்ளிகளுக்கு டாக்டர் டீம் வர்ற குழந்தைகள் நலத் திட்டம் 2013ல இருந்து இருக்கு. வளரிளம் பருவத்தினருக்குத் தனித் திட்டம் 2014ல வந்தது. 2020ல பள்ளிக்கு ரெண்டு ஆசிரியரை 'உடல்நலத் தூதுவர்'னு நியமிக்கிற மத்திய அரசுத் திட்டம். நடமாடும் ஆலோசனை மையம்னு வேன் விட்டாங்க, ஒரு வேனுக்குப் பல மாவட்டம். 2018ல 14417 கல்வி உதவி எண். 2022ல 14416 மனநல உதவி எண். மாணவர் மனசுன்னு ஒரு பெட்டி, மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழுன்னு ஒரு குழு. இதுக்கு மேல தொண்டு நிறுவனம், காலேஜ், சி.எஸ்.ஆர். டி-சர்ட் கோஷ்டி.

இத்தனையும் ஒரே பள்ளியோட ஒரே வாசல் வழியாத்தான் உள்ள வருது. வாசலுக்கு உள்ள, இந்தப் பையனை யார் பார்க்கிறாங்க, அடுத்து எப்ப பார்ப்பாங்கங்கற ஒரே கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு ஆள் இருக்காரா? எச்.எம்.மைக் கேட்டா பி.டி. சாரைக் காட்டுவார். அவரைக் கேட்டா "அது சயின்ஸ் டீச்சர் பார்த்துட்டிருந்தாங்க, மாத்தலாகிப் போயிட்டாங்க"ம்பார்.

2024 செப்டம்பர் ஞாபகம் இருக்கா? சென்னையில அரசுப் பள்ளியில தன்னம்பிக்கைப் பேச்சுன்னு ஒருத்தரை மேடையேத்தினது பெரிய சர்ச்சையாச்சு. அவர் முன்ஜென்மப் பாவத்தாலதான் ஊனமா பிறக்கிறாங்கங்கற ரீதியில பேச, பார்வைத் திறன் இல்லாத ஆசிரியர் சங்கர் அங்கேயே எழுந்து கேள்வி கேட்டார். பேச்சாளர் கைது, தலைமை ஆசிரியர்கள் இடமாற்றம், பள்ளி நிகழ்ச்சிகளுக்குப் புது வழிமுறை வகுக்கச் சொல்லி முதல்வர் உத்தரவு. அதுக்குச் சில வாரம் முன்னாடிதான், ஆகஸ்ட்ல, கிருஷ்ணகிரி மாவட்டத் தனியார் பள்ளி ஒண்ணுல போலி என்.சி.சி. முகாம் நடத்தினவன் மேல பாலியல் வன்கொடுமை வழக்கு. அந்த ரெண்டு மாசமும் நம்ம ஆளுங்க எல்லாரும் எழுதித் தள்ளினோம். நானும் எழுதினேன். எல்லாரும் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: கண்டவனை உள்ள விடாதே, அனுமதி வாங்கச் சொல்லு.

வாங்கட்டும், வேண்டாங்கலை. வாசல்ல காவல் வேணும். ஆனா அனுமதிக் கடிதம் காவல்காரர் வேலையை மட்டும்தான் செய்யும். உள்ள வந்தவர் பாதியில விட்டுட்டுப் போனா அவரைத் தேடிப் பிடிக்காது. என்னோட குழுவுக்கும் அனுமதி இருந்ததுங்க, சீலோட!

2025 ஜூலையில சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பு சொல்லுச்சு. விசாகப்பட்டினத்துல நீட் கோச்சிங்ல படிச்ச பொண்ணு 2023ல இறந்துபோன வழக்கு. அதுல நாடு முழுக்கக் கல்வி நிலையங்களுக்கு வழிகாட்டுதல் கொடுத்தாங்க. நூறு பேரோ அதுக்கு மேலயோ படிக்கிற இடத்துல தகுதியுள்ள ஆலோசகர் ஒருத்தராவது இருக்கணும். அதுக்குக் கம்மின்னா வெளியில இருக்கிற மனநல நிபுணர்களோட முறையான பரிந்துரைத் தொடர்பு வெச்சுக்கணும். நல்ல தீர்ப்பு. நம்ம கிராமத்துத் தொடக்கப் பள்ளிகள்ல எத்தனையில நூறு பிள்ளைங்க இருக்காங்க? அப்போ எக்கச்சக்கமான பள்ளிக்கு இந்த 'வெளித் தொடர்பு'தான் ஒரே வழி. அந்த 'முறையான' அப்படிங்கற வார்த்தையை நம்ம ஆபீஸ்கள் எப்படிப் புரிஞ்சுக்கும்னு எனக்குப் பயமா இருக்கு. செவுத்துல ஒரு நம்பர் எழுதி, போட்டோ எடுத்து, குரூப்ல போட்டா முறைப்படி ஆச்சு. :-(

எனக்குத் தெரிஞ்சு முறையானதுன்னா இப்படித்தான் இருக்கணும். ஒரு பள்ளி, ஒரு பொறுப்பு ஆசிரியர். யார் வந்தாலும் முதல்ல அவரைப் பார்க்கணும். வர்றவங்க என்ன படிச்சிருக்காங்கன்னு கேட்கறதுல கூச்சமே வேண்டாம். கிளினிகல் சைக்காலஜிஸ்ட்னா இந்திய மறுவாழ்வு மன்றப் பதிவு எண் இருக்கும், வாங்கிப் பார்க்கலாம். எழுத்துல ஒப்பந்தம் வேணும். அதுல போட்டோ, பேனர் பத்தி ஒரு வரியும் வேண்டாம். மறுபடி என்னைக்கு வருவீங்க, நீங்க நிறுத்திட்டா அந்தப் பிள்ளையை யார்கிட்ட ஒப்படைப்பீங்க, ராத்திரி பத்து மணிக்கு அவசரம்னா யார் போன் எடுப்பாங்க, இதுதான் இருக்கணும். தேதி சொல்ல முடியாதவங்க பொதுவா தூக்கம், பரீட்சை பயம் பத்திப் பேசிட்டுப் போகட்டும், கும்பிட்டு அனுப்பலாம். ஆனா ஒரு பிள்ளையைத் தனியா உட்காரவெச்சு வாயைத் திறக்க வைக்கக் கூடாது. தையல் போடத் தெரியாதவன் கத்தியை எடுக்கலாமா?

போக்சோ சட்டம் இன்னொண்ணு. குழந்தை மேல பாலியல் குற்றம் நடந்திருக்குன்னு தெரிஞ்சா 19ஆம் பிரிவுப்படி போலீசுக்கோ சிறப்பு சிறார் காவல் பிரிவுக்கோ சொல்லியே ஆகணும். சொல்லாம விட்டா 21ஆம் பிரிவுல ஆறு மாசம் வரைக்கும் சிறை. இது ஆசிரியருக்கு மட்டும் இல்லை, சனிக்கிழமை டி-சர்ட் போட்டுட்டு வர்ற நமக்கும்தான். துண்டுச் சீட்டு கொடுக்கும்போது எங்க குழுவுல ஒருத்தருக்கும் இது தெரியாது. நாங்க வேன்ல வெச்சுப் படிச்ச சீட்டுல அப்படி ஒண்ணு இருந்திருந்தா என்ன பண்ணியிருப்போம்னு இன்னைக்கும் யோசிக்கிறேன்.

இனி மறுப்புகள். ஆசிரியராவும் பதிவராவும் இருக்கிற நம்ம நண்பர்கள் கேட்பாங்க: "ஏற்கெனவே எமிஸ், தேர்தல், கணக்கெடுப்பு, இதுல இதுவுமா?" நியாயம். அதனாலதான் இதைக் கூடுதல் பொறுப்பாத் தலையில கட்டக்கூடாதுங்கறேன். வாரத்துக்கு அஞ்சாறு பீரியடைக் குறைச்சுட்டுத்தான் கொடுக்கணும். பிரிட்டன்ல 2017 டிசம்பர்ல வந்த அரசு அறிக்கை ஒண்ணு, ஒவ்வொரு பள்ளியிலயும் மனநலத்துக்குன்னு மூத்த பொறுப்பாளர் ஒருத்தர் இருக்கணும்னும், வெளியில இருந்து ஆதரவுக் குழுக்கள் வரணும்னும் சேர்த்தே சொல்லுச்சு. குழு மட்டும் வந்தாப் போதாது, உள்ள கைநீட்டிப் பிடிக்க ஒருத்தர் வேணும்னு அங்கே புரிஞ்சிருக்கு. அதுக்காக அங்கே எல்லாம் தேனும் பாலுமா ஓடுதுன்னு நான் சொல்லலை.

இதைவிடக் கஷ்டமான மறுப்பு ஒண்ணு இருக்கு. ஒரு கவுன்சிலர் தோழி கேட்டாங்க. "ஒருங்கிணைக்கிறேன்னு எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதினா, நாளைக்கு ஸ்டாஃப் ரூம் முழுக்க அந்தப் பொண்ணு கதைதான் ஓடும். அப்புறம் எவ வாயைத் திறப்பா?" இதுக்கு என்கிட்ட சட்டுனு பதில் இல்லை, ரெண்டு நாள் யோசிச்சேன். 2017 மனநலச் சட்டமே சிகிச்சைக்கு வர்றவங்க விஷயத்தை ரகசியமா வைக்கணும்னு சொல்லுது. என் பையன் விஷயத்துல நடந்ததும் அதானே, டீச்சர் முன்னாடி போட்டு உடைச்சது.

ஆனா பையனோட கதை வேற, பையனோட தேதி வேற. நோட்டுல கதை எதுக்கு? இந்த மாணவரை இன்னார் பார்க்கிறார், போன சந்திப்பு இந்தத் தேதி, அடுத்தது இந்தத் தேதி, வந்தாரா இல்லையா. அவ்வளவு போதும். பீரோவுல பூட்டி வைக்கட்டும், சாவி ஒருத்தர்கிட்ட. கதை, கேட்டவர்கிட்டயே இருக்கட்டும். உயிருக்கு ஆபத்து, சட்டப்படி சொல்லியே ஆகணும்கற ரெண்டைத் தவிர வெளிய வரக்கூடாது. அந்த விதிவிலக்கையும் பேச ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே பிள்ளைகிட்ட சொல்லிடணும். அப்படி ஒரு பக்கம் அந்தப் பள்ளியில இருந்திருந்தா, நாலாவதாப் போன நாங்க சீட்டை நீட்டியிருக்க மாட்டோம். பையனும் அந்த வரியை எழுதியிருக்க மாட்டான்.

"இலவசமா வர்றவங்ககிட்ட இவ்வளவு கேள்வியா?"ன்னும் சிலர் கேட்பாங்க. இலவசமாக் கண் ஆபரேஷன் பண்றேன்னு வந்தா யார், என்னன்னு கேட்க மாட்டீங்களா? காசு கொடுத்துப் படிக்கிற பள்ளியில இப்படி ஒரு நாள் கூத்து நடத்தினா பெற்றோர் சும்மா விடுவாங்களா? அரசுப் பள்ளிப் பிள்ளைங்கன்னா மட்டும் யார் வேணா வந்து கைவைக்கலாம்கற நினைப்பு நம்ம புத்தியிலதான் இருக்கு.

நண்பருக்கு நேத்து மெயில் போட்டிருக்கேன். நானூறு பேர் வேண்டாம், ஒரே பள்ளி போதும். மாசத்துல முதல் செவ்வாயும் மூணாவது செவ்வாயும் அதே கவுன்சிலர், அதே அறை, கல்வியாண்டு முடியற வரைக்கும். டி-சர்ட் காசுல அவங்களுக்குச் சம்பளம். எச்.எம்.மும் மாவட்ட மனநலக் குழுவும் ஒரு தாள்ல கையெழுத்து. அப்படின்னா நோட்டுக்குக் கோடு போட்டுக் கொடுக்கவாவது நான் வர்றேன்னு எழுதினேன். இன்னும் பதில் வரலை.

டிஸ்கி: படிக்கிறவங்கள்ல யாருக்காவது மனசு சரியில்லைன்னா 14416, எந்நேரமும் கூப்பிடலாம், காசு கிடையாது. குழந்தைங்கன்னா 1098. ஆசிரியப் பதிவர்கள் உங்க பள்ளிக்கு இந்த வருஷம் எத்தனை குழு வந்தது, எத்தனை குழு ரெண்டாவது தடவை வந்ததுன்னு பின்னூட்டத்துல போடுங்க. பள்ளிப் பேர் வேண்டாம், எண்ணிக்கை மட்டும்.